ஒரு சதவீதத்துக்கு இரண்டடி

காரிமங்கலம் புளிமண்டி வணிகர் கூட்டுறவு வங்கியின் கட்டடம் ஜூலை மாதத்துச் சந்தை நாள் ஒன்றில், காலை பத்தேகாலுக்கு, தரையிலிருந்து ஐந்தடி இரண்டங்குலம் மேலே எழும்பி அப்படியே நின்றது. அன்று கொட்டை எடுத்த புளி கிலோ நூற்று முப்பதுக்குப் போனது, தேங்காய் ஒன்று இருபத்திரண்டு. உள்ளே பதினோரு வாடிக்கையாளர்களும் ஆறு ஊழியர்களும் இருந்தார்கள், யாருக்கும் அடிபடவில்லை. டோக்கன் எண் பதினான்கை வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் வாசற்படி இருந்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, தன் முறை போய்விட்டதா என்று கேட்டார். போகவில்லை என்று சொல்லிக் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார்கள்.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் மாலைதான் மாதேஷின் கடன் இனி வராது என்று எழுதி முடித்திருந்தார்கள். பாலக்கோடு சாலையில் மாம்பழக்கூழ் ஆலை வைத்திருந்த மாதேஷ் தன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று என ஒரு கோடியே எழுபது லட்சம் வாங்கியிருந்தார். இரண்டு வருடம் மாம்பூ பிஞ்சாகாமல் கொட்டியது, ஆலை எந்திரங்கள் விலைபோயின, மாதேஷ் பெங்களூருப் பக்கம் போனார். அங்கே நன்றாக இருப்பதாகக் கேள்வி. வங்கிக்கென்று சொந்தமாக இருந்தது உறுப்பினர்களின் பங்குப் பணமும் முப்பது வருடம் சேர்த்த காப்பு நிதியும்தான், நாலு கோடிச் சொச்சம். மாதேஷின் ஒரு கோடியே எழுபது லட்சமும் அதிலிருந்து போயிற்று. பெட்டகத்தில் இருந்த மற்றதெல்லாம் ஊராருடையது.

வங்கியின் கணக்கர் அஃப்சானா அன்று மதியமே அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே குதித்தார். கொடுத்த கடன்களின் ஆபத்துக்கு ஏற்றபடி வங்கியிடம் சொந்த மூலதனம் நூற்றுக்கு ஒன்பதாவது இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தது ஆறு புள்ளி நாலு. குறைவு இரண்டு புள்ளி ஆறு, உயரம் ஐந்தடி இரண்டங்குலம். ஒரு சதவீதத்துக்கு இரண்டடி என்று அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மாத அறிக்கைக்கு அவர் கணினியைத் திறக்கவேயில்லை. வெளியூரிலிருந்து வந்த தணிக்கையாளர் மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, டேப் சொன்ன அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தார்.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. வெள்ளையடிப்பவரிடம் நாளைக்கு எண்பது ரூபாய் வாடகையில் ஏணி எடுத்தார்கள், பிறகு மரப்படி செய்தார்கள். மின்வாரியம் கம்பியை நீட்டிக் கொடுத்து அதற்கும் பணம் கட்டச் சொன்னது. அனுமதி இல்லாமல் மாடி எழுப்பியது ஏன் என்று பேரூராட்சி கேட்டது. மாடி எதுவும் எழுப்பவில்லை, கீழ்த்தளம்தான் மேலே போயிருக்கிறது என்று வங்கி பதில் எழுதியது, கோப்பு முடிந்தது. கட்டடத்தின் நிழலில் ஆடுகள் படுத்தன. ஆடுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு சர்தார் என்பவர் நன்னாரி சர்பத் கடை போட்டார்.

வங்கிச் செயலாளர் திருமால் நல்ல மனிதர். பாரம் வைத்தால் இறங்கிவிடும் என்று நம்பினார். நாற்பது மூட்டை மணலும் நாலு கருங்கல் பலகையும் ஏற்றிப் பார்த்தார், கட்டடம் அசையவில்லை. அடகு நகைகளையெல்லாம் எடுத்துக் கூடத்தில் பரப்பினார். அதற்கும் இறங்கவில்லை.

"அது அடுத்தவங்க பாரம் சார். நம்மளுது இல்லீங்களே" என்றார் அஃப்சானா.

திருமால் சந்தையில் மேளம் வைத்து டெபாசிட் முகாம் நடத்தினார். டெபாசிட் போட்டவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு. மூன்று கோடி சேர்ந்தது. சேர்ந்ததைச் சந்தோஷமாகக் கடன் கொடுத்தார். கடன் கூடியது, மூலதனம் கூடவில்லை; கட்டடம் இன்னும் பதினோரு அங்குலம் ஏறியது. மரப்படியில் ஒரு படி கூட்ட வேண்டியதாயிற்று. கடைசியாக, தெரிந்தவர்கள் இருபது பேருக்குக் கடன் கொடுத்து அந்தப் பணத்துக்கே பங்கு வாங்க வைத்தார். கட்டடம் ஒரு சாண் இறங்கியது. ஊழியர்கள் கைதட்டினார்கள். கைதட்டி முடிப்பதற்குள் பழைய இடத்துக்கே ஏறி, அதற்கு மேல் இரண்டங்குலமும் போய் நின்றது. தன் பணமே தனக்குத் திரும்பி வருகிறது என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பரில் சென்னையிலிருந்து சோபனா என்ற ஆய்வு அதிகாரி வந்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி ஏறினார், நாலு நாள் இருந்தார். காற்றில் நிற்பது விதிமீறல் ஆகாது, ஒன்பதுக்குக் கீழே நிற்பதுதான் விதிமீறல் என்று எழுதினார். சில வாரங்களில் உத்தரவு வந்தது. புதுக் கடன் கிடையாது. டெபாசிட்டில் தலைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் தரையைத் தொடாவிட்டால் உரிமம் ரத்து. உரிமம் போனால் கட்டடம் எங்கே போகும் என்று காவலாளி சென்றாயன் தொலைபேசியில் சோபனாவைக் கேட்டார். விதிகளில் அதைப் பற்றி எதுவும் இல்லை என்றார் அவர்.

புளி கொட்டை எடுக்கும் கொட்டகை வைத்து முப்பது பெண்களுக்கு வேலை கொடுத்துவந்த கண்ணம்மாளுக்கு அந்த வங்கியில் ஏழு லட்சத்து இருபதாயிரம் இருந்தது. சாலை அகலப்படுத்த எடுத்துக்கொண்ட மானாவாரி நிலத்துக்குக் கிடைத்த பணம். தகரக் கூரையைப் பிரித்துவிட்டு, கான்கிரீட் போட்டு மெத்தை வீடு கட்டுவதற்காகப் போட்டு வைத்திருந்தார். உத்தரவைக் கேள்விப்பட்ட அன்று செருப்பைக் கீழே விட்டுவிட்டுப் படியேறி, நேராக அஃப்சானாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா, என் காசு இருக்குதா, இல்லியா?"

"இருக்குதுங்கக்கா. ஆனா பேங்க்க மூடிட்டா இன்சூரன்ஸ்ல அஞ்சு லட்சந்தான் வரும். மிச்சம் ரெண்டு இருவது இருக்குது பாருங்க, அது வந்தா வரும்."

"இத எறக்கறதுக்கு என்னதான் வழி?"

"யாராச்சும் பங்கு வாங்கணுங்க. டெபாசிட்டு வேற, பங்கு வேற. டெபாசிட்ட நாங்க திருப்பிக் குடுத்தே ஆவணும். பங்க அப்பிடிக் குடுக்க வேண்டியதில்ல. நட்டம் வந்தா மொதல்ல அதுதான் போவும். லாபத்துல கடைசியாத்தான் பங்குக்காரருக்கு வரும்."

"அதப் போயி எவ வாங்குவா?"

"யாரும் வாங்கலீங்க. அதான் மேல நிக்குது. போனாப் போவுதுன்னு வெக்கற காசுக்குத்தாங்கக்கா இங்க எடை."

பங்கு வாங்கினால் கிடைக்கும் நன்மைகள் என்று திருமால் அச்சடித்து வைத்திருந்த தாள் மேசையிலேயே கிடந்தது. அஃப்சானா அதைத் தொடவில்லை. கண்ணம்மாள் அதைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், எழுந்து வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அவர் கணவர் முருகேஷ், லாரி ஓட்டுகிறவர், ஒத்துக்கொள்ளவில்லை.

"மெத்த வூட்ட எங்க கட்டப் போற? ஆகாசத்துலயா?"

"மூடுனா அந்த ரெண்டு இருவது எப்பிடியும் போயிரும்ங்க. தானாப் போறத நானா வெச்சா, ஒருவேள கீழ வந்தாலும் வரும்."

முருகேஷ் அன்றோடு பேச்சை நிறுத்தினார். குழம்பில் உப்பு குறைந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அவரிடம் சொல்லி அனுப்பினார்.

கண்ணம்மாள் ஒரு நிபந்தனையோடுதான் போனார். ஒரே குடும்பத்துக்கு மூன்று பெயரில் கடன் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட வேண்டும். கூட்டுறவில் பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்று அஃப்சானா சொல்லியிருந்ததால், கொட்டகையில் வேலை செய்யும் முப்பது பெண்களும் தலைக்கு நூறு ரூபாய்ப் பங்கு வாங்கி உறுப்பினரானார்கள். தீர்மானம் நிறைவேறியது. முதல் கை திருமாலுடையது. மணல் மூட்டைகளை இறக்கச் செலவு செய்ததிலிருந்து அவர் மிகவும் களைத்திருந்தார்.

இரண்டு லட்சத்து இருபதாயிரத்தைப் பங்காக மாற்றிக் கண்ணம்மாள் கையெழுத்துப் போட்டதும் கட்டடம் ஒன்றேகால் அங்குலம் இறங்கியது. திரும்ப ஏறுகிறதா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏறவில்லை. கீழே சர்தார் தன் குடையின் காம்பைக் கொஞ்சம் குட்டையாக்கினார். அடுத்த வாரத்திலிருந்து, ஐந்து லட்சத்துக்கு மேல் வைத்திருந்த வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து அதற்கு மேற்பட்டதைப் பங்காக்கினார்கள். பொங்கலுக்கு நாலடி. மாசியில் குழந்தைகள் தாண்டி ஏறும் உயரம். ஆடுகள் வேறு நிழல் தேடின. சர்தார் கடையை எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டார்.

மார்ச் முப்பத்தொன்று காலை கால் அங்குலம் மிச்சமிருந்தது. பங்காக்கக் கூடியவர்கள் எல்லோரும் ஆக்கிவிட்டார்கள். மூன்று மணிவரை யாரும் வரவில்லை. அஃப்சானா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார், கண்ணம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார். மூன்றேகாலுக்கு முருகேஷ் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, யாரையும் பார்க்காமல் கவுண்டரில் பாஸ் புத்தகத்தை நீட்டினார். அவர் பெயரில் நாற்பதாயிரம் இருந்தது. அது பத்திரமான பணம், இன்சூரன்ஸ் உள்ள பணம், பங்காக்க வேண்டிய அவசியமே இல்லாத பணம்.

"இதையும் போடுங்க" என்றார்.

கட்டடம் தரையில் உட்கார்ந்தது. ஜன்னல்கள் ஒருமுறை அதிர்ந்தன, சுவர்க் கடிகாரம் நின்று மறுபடி ஓடியது. வெளியே கைதட்டல் கேட்டது. கண்ணம்மாள் மட்டும் கைதட்டாமல், தனக்குத் தெரியாமல் ஒரு நாற்பதாயிரம் எப்படி வந்தது என்று கேட்டார். டீசல் படியில் மிச்சம் பிடித்தது என்றார் முருகேஷ். இந்த முறை பேச்சை நிறுத்தியவர் கண்ணம்மாள். அது பத்து நாள்தான் நீடித்தது.

தடைகள் நீங்கின. கண்ணம்மாளின் ஐந்து லட்சத்தில் மெத்தை வீட்டின் சுவர் எழும்பியது, கூரைக்குக் காசு போதவில்லை. அடுத்த ஆண்டு வங்கிக்கு லாபம் வந்தது. பொதுக்குழுவை வாசலில் சாமியானா போட்டு நடத்தினார்கள். கண்ணம்மாளும் முருகேஷும் முதல் வரிசையில் இருந்தார்கள். திருமால் எழுந்து, பங்குக்கு எட்டு சதவீத டிவிடெண்டு என்று வாசித்தார். அஸ்திவாரத்தின் ஓரத்தில் குந்தியிருந்த சென்றாயன் நாளிதழ் ஒன்றை அடியில் செருகிப் பார்த்தார். விளையாட்டுப் பக்கம் வரை உள்ளே போயிற்று. ஆறு என்றார் திருமால். தாள் அப்போதும் வழுக்கிக்கொண்டு போனது. நாலு என்றபோது நுனி மட்டும் நுழைந்தது. மூன்றரைக்குச் செருக முடியவில்லை.

"மூணுன்னு போடுங்க. அந்த அரைய உள்ளயே வெச்சிருங்க" என்று கண்ணம்மாள் உட்கார்ந்தபடியே சொன்னார். முருகேஷ் கை தூக்கினார். பிறகு எல்லோரும் தூக்கினார்கள்.

இருவருக்குமாக ஏழாயிரத்து எண்ணூறு கிடைத்தது, இருபது மூட்டை சிமெண்டு வாங்கிப் போட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில், காகிதம் நுழையாத அளவுக்கு டிவிடெண்டு மூன்று சதவீதம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். தணிக்கையாளர் அதைப் படித்துவிட்டு, எந்தக் காகிதம் என்று மட்டும் கேட்டார். நாளிதழ் என்றார் அஃப்சானா. அவர் ஓரத்தில் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.