சாம்பல் டப்பா

பெரியவளுக்கு வயிற்றெரிச்சல் என்று ஊர் சொன்னது. வயிறு மட்டும் எரிந்திருந்தால் ஒரு சொம்பு தண்ணீரில் அணைத்திருப்பாள். அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. எல்லாம் ஓரகத்தியால், அதாவது புருஷனுடைய தம்பி பெண்டாட்டியால் வந்த எரிச்சல்.

அண்ணன் தம்பி நிலத்தைப் பிரித்தபோது கிணற்றடி வயல் பெரியவளுக்கு வந்தது, கல்லும் சரளையுமான மேட்டு நிலம் சின்னவளுக்குப் போனது. அன்றைக்குப் பெரியவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! கிணற்றடியில் தக்காளி போட்டாள். கடையில் பளபளவென்று காகிதப் பையில் விற்கிற விதை, கூடவே உரம், மருந்து. சின்னவள் மேட்டில் கொள்ளு விதைத்தாள். கொள்ளை யார் இப்போது விதைக்கிறார்கள்? வீட்டில் குதிரை கட்டியிருக்கிறாளா என்று கேட்டுப் பெரியவள் தெருவே கேட்கச் சிரித்தாள். சின்னவள் பதில் சொல்லவில்லை. அதுவும் பெரியவளுக்குப் பிடிக்கவில்லை. நாலு வார்த்தை திருப்பிப் பேசினால்தானே சண்டைக்கு ஒரு ருசி!

அப்புறம் இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. கிணற்றில் வாளி விட்டால் சேறு வந்தது. தக்காளிச் செடி நின்ற நிலையிலேயே கருகிப்போக, மேட்டு நிலம் மட்டும் பச்சையாகக் கிடந்தது. பனி ஈரத்திலேயே கொள்ளுக்கொடி படர்ந்து மண்ணை மூடிக்கொண்டது, வெயில் மண்ணைத் தொடவே முடியவில்லை. அறுத்தபின் பயறு வீட்டுக்கு, கொடி ஆட்டுக்கு, வேர் மண்ணுக்கு. சின்னவளுடைய ஆடுகள் கொழுத்துப்போய் உருண்டுகொண்டு நடந்தன. அவற்றைப் பார்த்தால்கூடப் பெரியவளுக்கு ஆகவில்லை. விவசாய ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து சின்னவளைக் கொடி நடுவில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அன்றைக்குப் பெரியவள் சோற்றுப் பானையைக் கழுவிய கழுவலில் பானை நசுங்கியது.

கடைசியாக ஒரு நல்ல மழை பெய்தது. பெரியவளுடைய புருஷன் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்த ஈரத்திலும் கிணற்றடி வயலில் ஒன்றும் முளைக்காவிட்டால் நிலத்தைத் தம்பியிடம் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டுவிடுவாராம், அவர்களாவது எதையாவது விளைய வைப்பார்களாம். தம்பியிடம் என்றால் யாரிடம்? சின்னவளிடம். தன் வயலில் அவள் இடுப்பில் கை வைத்து நிற்பதை நினைத்ததுமே பெரியவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

போய் விதை கேட்டிருக்கலாம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. ஆனால் சிரித்த வாயால் எப்படிக் கேட்பது?

மத்தியானம் சின்னவள் ஆடு ஓட்டிப் போனதும் பெரியவள் கொல்லைப்புறமாக அவளுடைய சாமான் அறைக்குள் நுழைந்தாள். ஜன்னல் இல்லாத அறை. தகர டப்பாக்கள் வரிசையாக இருந்தன. முதல் டப்பாவைத் திறந்தால் ஒரே அடுப்புச் சாம்பல், நடுவில் அழுக்காகக் கொஞ்சம் கொள்ளு. மூஞ்சியைச் சுளித்து மூடி, சுவர்ப் பக்கமாகத் தள்ளிவைத்தாள். அடுத்த டப்பாவில் கொள்ளு சுத்தமாக, பளபளவென்று இருந்தது. அதுதான் நல்ல விதை என்று முந்தானை நிறைய அள்ளிக்கொண்டாள். இருபது வருஷமாகக் காகிதப் பை கிழித்தவளுக்கு, நல்லது என்றால் பளபளப்பாக இருக்க வேண்டும்.

கடையில் வாங்கினேன் என்று புருஷனிடம் சொல்லி அன்று சாயங்காலமே விதைத்தாள். மூன்று நாள் ஆயிற்று, ஐந்து ஆயிற்று, ஏழு ஆயிற்று. ஒரு முளை இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், யாரிடம் வாய்விட்டு அழுவது? எட்டாம் நாள் காலையில் புருஷன், கடையில் வாங்கின விதை முளைக்கவில்லை என்று சொல்லி, தம்பியையும் சின்னவளையும் வயலுக்கே கூட்டிவந்துவிட்டார்.

சின்னவள் குனிந்து மண்ணைக் கிளறினாள். ஒரு கொள்ளை எடுத்துத் துடைத்துக் கடித்தாள். கடித்ததும் நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். தன் வீட்டுச் சட்டியில், தானே வண்டு விழாமல் இருக்க இளம் சூட்டில் வறுத்துவைத்த சமையல் கொள்ளு. அது சின்னவளுக்குத் தெரியாதா? வறுத்த விதை முளைக்குமா என்று ஊரெல்லாம் அடுத்தவர்களைக் கேலி பண்ணியவள் பெரியவள். அவளுக்கும் இப்போது புரிந்தது. மானம் போகப் போகிறது, வயலும் போகப் போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"கடைக்காரன் பழைய விதையைத் தள்ளிவிட்டுட்டான் மாமா," என்றாள் சின்னவள். "ஈரம் இன்னும் நாலு விரல் கீழ இருக்கு. இன்னைக்கு மறுபடி விதைச்சா முளைச்சிடும். இருங்க, வர்றேன்."

திரும்பி வந்தபோது கையில் அந்தச் சாம்பல் டப்பா. விதைக் கொள்ளைச் சாம்பலில் போட்டுவைத்தால்தான் வண்டு அண்டாதாம். பெரியவள் அன்றைக்குச் சுவர்ப் பக்கம் தள்ளிய டப்பா. அதன் மறுபக்கத்தில் சாக்பீஸால் எழுதிய, தூசி படிந்துபோன எழுத்து: அக்காவுக்கு.

சின்னவள் பக்கத்தில் வந்து, ஆண்களுக்குக் கேட்காமல் சொன்னாள். "போன வருஷம் அறுத்த அன்னைக்கே உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்க்கா. நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

பெரியவள் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் உள்ளே பழைய நெருப்பு ஒரு அடி உயர்ந்துதான் எரிந்தது. கொடியில் முந்தினாள், ஆட்டில் முந்தினாள், பாவி, நல்ல மனசிலுமா முந்தவேண்டும்?

வெடுக்கென்று டப்பாவை வாங்கி அன்றைக்கே விதைத்தாள். நாலாம் நாள் முளைத்தது. நாலாம் மாதம் கிணற்றடியில் காய் முற்றியது, நிலம் அவள் கையிலேயே நின்றது.

அறுத்த அன்றைக்கே, வீட்டுக்கு ஒரு படி எடுப்பதற்கு முன்னால், முற்றின கொள்ளாகப் பொறுக்கிச் சாம்பலில் புரட்டி ஒரு டப்பாவில் அடைத்தாள். தங்கச்சிக்கு என்று சாக்பீஸால் எழுதினாள். டப்பா மட்டும் சின்னவள் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு பெரியது. தெருவழியாகவே தூக்கிக்கொண்டு போனாள்.