அறுபதாம் கல்யாணத்துக்கு உட்காரும் உடம்பு

குற்றாலிங்கத்தின் பழைய உடம்பு காலை ஐந்தே முக்காலுக்கே பூங்காவுக்கு வந்துவிடும். அவர் போய்ச் சேர ஆறேகால் ஆகும். அதற்குள் அது ஒன்பது சுற்று முடித்திருக்கும்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அது பிரிந்து போனது. புராஸ்டேட் சுரப்பியில் புற்று என்று தெரிந்ததும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டார்கள். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்கும் என்றார் டாக்டர். முதல் ஊசிக்குக் கால் முடி போனது. இரண்டாவதற்குப் புஜம் போனது. மூன்றாவதற்கு, மிச்சம் இருந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, இரண்டு வேட்டியையும் பல் பிரஷையும் எடுத்துக்கொண்டு வாசல் வழியாகப் போனது. சண்டை எதுவும் இல்லை.

அதன் பிறகு அவருக்குக் கிடைத்த உடம்பு புதிது. இடுப்பு அகலம். கை மெலிவு. நெஞ்சில் இரண்டு பக்கமும் சதை இறங்கியிருந்தது. பஸ் குலுங்கினால் அதுவும் குலுங்கியது. நாளைக்கு ஏழெட்டு தடவை உள்ளேயிருந்து வெக்கை கிளம்பும். சாரல் பிடித்த நாட்களில் மாடிவீட்டுக்காரர்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து அவர் தோளிலும் மடியிலும் போட்டுவிட்டுப் போவார்கள்.

"அசையாம இருங்க அண்ணாச்சி. சீராக் காயட்டும்."

அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். துணியை அவர் சட்டைக்கு மேல்தான் போட்டார்கள். எட்டு மாதமாக அவர் யார் முன்னாலும் சட்டையைக் கழற்றவில்லை. கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு ஹாலில் படுத்தார். குளிக்கும்போது விளக்கை அணைத்துக்கொண்டார்.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்த இடைவழி முன்பு பதினோரு அடி. இப்போது அறுபது அடி. அவர் மனைவி பகவதி பாதி வழியில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தாள். காபி கொண்டு வரும்போது அதில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவாள். காபி ஆறியிருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

டாக்டர் நடக்கச் சொன்னார். பாரமும் தூக்கச் சொன்னார். இல்லாவிட்டால் அடுத்து எலும்பு கிளம்பிவிடும் என்றார்.

பூங்காவில் சிமெண்டில் எட்டு போட்டிருந்தார்கள். எல்லா ஊர்ப் பூங்காவிலும் இருப்பதுதான். இரண்டு வட்டம், நடுவில் ஒரு சந்திப்பு. அதே ஊசி போட்டுக்கொள்ளும் ஆறு பேர் அதில் நடந்தார்கள். அவர்களுடைய பழைய உடம்புகள் எதிர்த்திசையில் நடந்தன. சந்திப்பில் யார் வழி விடுவது என்பதற்கு விதி இருந்தது. பழையது நிற்கும். புதியது போகும்.

விதியைப் போட்டவர் ஏசுவடியான் சார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். அவரும் ஊசிக்காரர். அவர் விசில் ஊதுவார். அவருடைய பழைய உடம்பும் விசில் ஊதும். அது ஊதினால்தான் எல்லோரும் நிற்பார்கள்.

மணல் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில்கள்தான் பாரம்.

"கையத் தூக்கும் வே," என்றார் ஏசுவடியான்.

"தூக்கிட்டுதான இருக்கேன்," என்றார் குற்றாலிங்கம்.

"பாட்டில் ஒம்மத் தூக்குது. நீரு கூடப் போறீரு."

பின்னால் வந்த மீரான் பாய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இரும்புக் கடை வைத்திருந்தவர். "சார், எம் பழசு இன்னைக்கி வரல. ஒம்மகிட்ட ஏதும் சொல்லிச்சா?"

"பல்லு வலின்னு சீட்டு குடுத்து விட்டிருக்கு."

"பல்லு எங்கிட்டல்லா இருக்கு?"

"வலி அதுகிட்ட இருக்கும்போல."

மீரான் பாய் நாக்கால் பற்களைத் துழாவிப் பார்த்தார். சரிதான் என்பதுபோல் தலையாட்டிவிட்டு நடந்தார்.

ஆவணியில் குற்றாலிங்கத்துக்கு அறுபது முடிய இருந்தது. மைத்துனர் மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்துவிட்டார். அறுபதாம் கல்யாணத்தில் இருவரையும் மணமக்களைப் போல உட்கார வைப்பார்கள். தலைக்கு மேல் சல்லடை பிடித்து, உறவுக்காரர்கள் வரிசையாக வந்து கலசத் தண்ணீர் ஊற்றுவார்கள். மனைவி சேலையோடு நனைவாள். கணவன் வெறும் மேலோடு நனைய வேண்டும். முன்னூறு பேர் வருவார்கள். வீடியோ உண்டு.

மண்டப மானேஜர் ஒரு படிவம் கொடுத்தார். பெயர், நட்சத்திரம், சாப்பாட்டு இலை எண்ணிக்கை. அதற்குக் கீழே, உட்காரும் உடம்பு: பழையது அல்லது புதியது. மனைவியின் கையெழுத்து.

"இது எதுக்கு?" என்றார் குற்றாலிங்கம்.

"பழசுன்னா முப்பத்திரெண்டு கலசம். புதுசுன்னா நாப்பது. பரப்பு கூடல்லா."

"என்னைக்கிக் குடுக்கணும்?"

"புதங்கிழம. மதியம் சாப்பிடப் போறதுக்கு முன்னால."

மறுநாள் காலை, சந்திப்பில் பழைய உடம்பு வழி விட்டு நின்றபோது குற்றாலிங்கம் போகவில்லை. அவருக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். அதற்குப் பின்னால் ஐந்து உடம்புகள் நின்றன.

"என்ன வே?" என்றது பழைய உடம்பு.

"ஒரு காரியம் ஆகணும்."

"சொல்லும்."

"ஆவணி பன்னெண்டு. நீரு வந்து மணையில உக்காரணும். ஒண்ணர மணி நேரம். தண்ணி ஊத்துவாங்க."

"சட்ட இல்லாமலா?"

"சட்ட இல்லாம."

"அதுல என்ன இருக்கு," என்றது பழைய உடம்பு.

அவருக்குத் தேவைப்பட்டது அதுதான். அதில் என்ன இருக்கு என்று சொல்லக்கூடிய ஓர் உடம்பு. பெரிய அழகு ஒன்றுமில்லை. தொப்பை உண்டு. முதுகில் அம்மைத் தழும்பு உண்டு. ஆனால் வாசலில் வெறும் மேலோடு நின்று பேப்பர் படித்த உடம்பு. பால்காரரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு அப்படியே உள்ளே வந்த உடம்பு.

"வீட்ல கேட்டீரா?" என்றது.

"கையெழுத்துதான. போட்டுருவா."

"கேளும். நானும் வாரேன்."

இரண்டு விசில்களும் ஒன்றாக ஊதின. குற்றாலிங்கம் நடந்தார்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பழைய உடம்பு வீட்டுக்கு வந்தது. செருப்பை வெளியே விட்டது. எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்காரப் போய், யோசித்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. இடைவழி அன்று அறுபத்திரண்டு அடி இருந்தது. பகவதி வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது. விருந்தாளிகளுக்கு எடுக்கும் டம்ளரில் காபி கொண்டு வந்தாள்.

"வாங்க. சௌக்கியமா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சீனி ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கேன்."

"அதான் கணக்கு."

குற்றாலிங்கத்துக்குச் சீனியை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். "பகவதி, இது யாருன்னு கேட்டீன்னா..."

"தெரியும். ஆனி மாசம் கொட எடுக்க வந்துச்சு. நீங்க நடக்கப் போயிருந்தீங்க."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்களும் சொல்லல."

பழைய உடம்பு காபியை ஆற்றிக் குடித்தது. குற்றாலிங்கம் படிவத்தை நீட்டினார். பகவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு இலை எண்ணிக்கையிலிருந்து ஆரம்பித்துப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் பழைய உடம்பைப் பார்த்தாள்.

"நீங்க ஊசி போடுதீங்களா?"

"எனக்கு ஊசி கிடையாது. ஊசி இவருக்கு."

"அப்ப அந்தக் கட்டி?"

"இவருகிட்ட இருக்கது தூங்குது. எங்கிட்ட இருக்கது முழிச்சிருக்கு."

"எது வரைக்கும்?"

"தை வரைக்கும்னு வச்சுக்கிடலாம்."

பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னது. பகவதி முறுக்குத் தட்டை அதன் பக்கம் நகர்த்தினாள். அது ஒன்று எடுத்துக்கொண்டது. 

"எம்பதுக்கு யாரு உக்காருவா?" என்றாள் பகவதி.

"எந்த எம்பது?" என்றார் குற்றாலிங்கம்.

"அறுபதுக்குப் பொறவு எம்பது வரும்லா. அதுக்கும் தண்ணி ஊத்துவாங்க. இவங்க தையில போயிருவாங்க. நான் ஒத்தையில உக்காந்து நனையவா?"

"அதுக்கு இருவது வருசம் இருக்கு."

"அண்ணன் பத்திரிக அடிக்கணும். முன்னாலேயே சொல்லிறணும்."

குற்றாலிங்கம் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அது இருந்தது. "நெஞ்சு..." என்றார்.

"தெரியும்."

"எப்படி?"

"உங்க சட்டைய யாரு தொவைக்கா? மூணாவது பொத்தான் ரெண்டு தடவ தெறிச்சுது. ரெண்டு தடவையும் நாந்தான் தச்சேன். ரெண்டாவது தடவ கொஞ்சம் தள்ளித் தச்சேன். இப்பம் இறுக்கிப் பிடிக்கலல்லா?"

பிடிக்கவில்லை. அது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பகவதி பேனா வாங்கி, புதியது என்ற இடத்தில் டிக் போட்டாள். கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில், கலசம் நாற்பது என்று எழுதினாள்.

"அப்ப நான் வரணுமா, வேண்டாமா?" என்றது பழைய உடம்பு.

"வாங்க. தண்ணி ஊத்த ஆள் வேணும்லா. வரிசையில நில்லுங்க."

ஆவணி பன்னிரண்டாம் தேதி குற்றாலிங்கம் மணைக்கு முன்னால் நின்று சட்டையைக் கழற்றினார். ஏழு பொத்தான். நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கினார். முன்னூறு பேரும் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த சித்தி, "குத்தாலிங்கம் வெயிட் போட்டுட்டான்," என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர், "பந்தி எத்தன மணிக்கு?" என்றார். பதினொன்றரைக்கு என்று சொன்னார்கள்.

அவர் உட்கார்ந்தார். பகவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். சல்லடையைப் பிடித்தார்கள்.

மைத்துனர் ஊற்றினார். சித்தி ஊற்றினாள். ஏசுவடியான் சார் ஊற்றிவிட்டு, "முதுக நிமித்தும் வே," என்றார். மீரான் பாய் ஊற்றிவிட்டு, "தண்ணி நல்லாருக்கு. எந்தக் கெணறு?" என்று கேட்டார். பதினெட்டாவது கலசத்தில் குற்றாலிங்கத்துக்கு உள்ளேயிருந்து வெக்கை கிளம்பியது. மேலே விழுந்த தண்ணீர் ஆவியாகியது. மணையைச் சுற்றி வெள்ளையாகப் படர்ந்தது. பிற்பாடு வீடியோவில் அரை மணி நேரம் அந்த வெள்ளைதான் இருந்தது. உள்ளேயிருந்து பகவதி, "ஊத்துங்க, ஊத்துங்க," என்று சொல்வது மட்டும் கேட்கும்.

நாற்பதாவதாகப் பழைய உடம்பு வந்தது. துவைத்த வேட்டி கட்டியிருந்தது. இடது கக்கத்தில் குடை. கலசத்தைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தது.

"கனமா இருக்கா?" என்றார் குற்றாலிங்கம்.

"பாட்டில்ல மண்ணு போட்டுத் தூக்குனது ஒதவுது."

மெதுவாக ஊற்றியது. ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. ஊற்றி முடித்ததும், "வாரேன்," என்றது. முதல் பந்தியில் சாப்பிட்டது. தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்தபடி போனது. மழை இல்லை.

அவருடைய சட்டையை யாரோ மண்டபத்துச் சாமான்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அவர் வெறும் மேலோடு காரில் ஏறினார். வெறும் மேலோடு இறங்கினார். பால்காரர் வாசலில் நின்றிருந்தார். சாயங்காலப் பால் எத்தனை லிட்டர் என்று கேட்டார். இரண்டு என்றார் குற்றாலிங்கம்.

இடைவழி அறுபத்திரண்டு அடிதான் இருந்தது. பகவதி முன்னால் போனாள். ஈரச் சேலை தரையில் கோடு போட்டுக்கொண்டே போனது. அவர் கோட்டைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"காலு வலிக்கா?" என்றார்.

"உக்காருங்க."

ஸ்டூலில் ஒருவர்தான் உட்கார முடியும். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

அவருக்கு மறுபடியும் வெக்கை கிளம்பியது. பகவதி ஈர முந்தானையைப் பிழிந்து, உதறி, அவர் நெஞ்சின் மேல் விரித்துப் போட்டாள். சுருக்கம் இல்லாமல் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாள். கையை எடுக்கவில்லை.

குற்றாலிங்கம் அசையாமல் இருந்தார். அசைந்தால் சீராகக் காயாது.