மாமாவின் முப்பத்திரண்டு

என் அக்கா புருஷனுக்குக் கை காலெல்லாம் குச்சி. அக்காவுக்கு இடுப்பும் தொடையும் கொஞ்சம் கனம். அதற்காக மனுஷன் பதினைந்து வருஷமாக அவள் மானத்தை வாங்கினார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடை மெஷினை நடுக்கூடத்துக்கு இழுத்து வருவார். "ஏறும்மா, மெஷின் தாங்குதான்னு பாக்கலாம்." அவள் சிரித்துக்கொண்டே ஏறுவாள். எனக்கு வயிறு எரியும்.

நான் தையல்காரி. அவர் பேண்டெல்லாம் என் கடையில்தான். இடுப்புப் பட்டைக்குள் அளவு எண் போட்ட துண்டு ஒன்று வைத்துத் தைப்போம். எண் ஏறினால் வாடிக்கைக்காரர்கள் தையல் சரியில்லை என்று சண்டைக்கு வருவார்கள்; அதனால் பழைய எண்ணையே வைத்துவிடுவேன். "கல்யாணத்தப்பவும் முப்பத்திரண்டு, இப்பவும் முப்பத்திரண்டு" என்று மாமா பீற்றிக்கொண்டது அந்தத் துண்டை நம்பித்தான். டேப்பில் அவர் இடுப்பு நாற்பது அங்குலத்தைத் தாண்டி இரண்டு வருஷமாகிறது.

போன மாதம் அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். சர்க்கரை, பிரஷர் எல்லாம் சரி.

"தொடைக் கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும்மா. வயித்துக்குள்ள, ஈரலைச் சுத்திச் சேருதே, அதுதான் ஆபத்து. சர்க்கரையை ஏத்தும், இதயக் குழாயை அடைக்கும். கை கால் ஒல்லியா இருந்தாலும் விடாது" என்றார் டாக்டர்.

மாமாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். எடை மெஷின் ஞாபகம் வந்தது. சாகட்டும் என்றே நினைத்தேன்.

அவர் பிறந்தநாளன்று வீடு நிறைய ஆட்கள். மெஷின் வந்தது, அக்கா ஏறினாள், எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அவள் கண் கலங்கிவிட்டது. நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

"மாமா, கையைத் தூக்குங்க."

"எனக்கென்ன, முப்பத்திரண்டு!"

தொப்புள்மேல் சுற்றிப் பிடித்து, கூடமே கேட்கக் கத்தினேன். "நாப்பத்தொண்ணு! முப்பத்திரண்டு நான் தெச்ச பொய்!"

சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. டாக்டர் சொன்னதையும் ஒப்பித்தேன். இரக்கத்தில் இல்லை, இன்னும் கொஞ்சம் நோகட்டும் என்றுதான்.

என்னைப் பொய்யாக்கவே பரிசோதனைக்குப் போனார். சர்க்கரை எகிறியிருந்தது, இதயக் குழாய் ஒன்றில் முக்கால்வாசி அடைப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்மா என் உயிரைக் காப்பாத்தின" என்று அழுதார். பழிவாங்கப் போன எனக்கு இப்படியொரு கேவலம்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "பழைய டேப் ஒண்ணு இருக்காடி?"

"எதுக்கு?"

"வாராவாரம் இவர் இடுப்பை அளக்கச் சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்கல்ல, அப்ப அளந்துக்கலாம்."

புது டேப்பே கொடுத்தேன்.