நாற்பத்தோரு கிலோ தாள்

எலும்புச் சட்டைச் சோதனையின் நான்காம் நாள், கிடங்கில் ஒற்றைத் தாள் ஒன்று நாற்பத்தோரு கிலோ இருந்தது. எடைமேடையில் இரண்டாம் முறை வைத்துப் பார்த்தார்கள். அதே எடைதான்.

எலும்புச் சட்டை என்பது பெட்டி தூக்குகிறவர்கள் வைத்த பெயர். தோளிலும் தொடையிலும் வாரால் கட்டிக்கொள்ளும் ஸ்பிரிங் சட்டகம் அது. குனிந்து நிமிரும்போது முதுகுக்கு வரும் பாரத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். அது மெய்தானா என்று பார்க்கத் தலைமை அலுவலகம் ஒரு பெண்ணை அனுப்பியிருந்தது. எந்நேரமும் கையில் அளவுநாடாவோடு அலைந்ததால் டேப்பு மேடம் என்றே ஆகிவிட்டாள். சட்டை இல்லாமல் இருபது பெட்டி, சட்டையோடு இருபது பெட்டி தூக்கச் சொல்லி, முதுகில் ஒட்டிய கருவியைப் பார்த்து, குறைந்த பாரத்தை ஆளுக்கொரு தாளில் எழுதினாள். படிவத்தில் கிலோ என்று அச்சிட்டிருந்ததால் கிலோவிலேயே எழுதினாள். முதுகை விட்டு இறங்கிய பாரம் போக்கிடம் தெரியாமல் தாளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. படிவத்தை மாற்றக் கேட்பதற்கும் ஒரு படிவம் உண்டு. பதில் வர மூன்று மாதம்.

அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் மாடியில் மேலாளர் அறைக்குப் போகாவிட்டால் பதினாறு சட்டைகளும் வந்த வண்டியிலேயே திரும்பிவிடும். மேசைக்கால் இரண்டு ஏற்கெனவே ஒடிந்திருந்தன. ஒட்டகம் என்று அழைக்கப்பட்ட மூத்த தொழிலாளிக்கு முதுகில் டிஸ்க் விலகி இரண்டு வருடம். அவர் மறைத்து வைத்திருந்ததை முதல் நாளே கருவி காட்டிக்கொடுத்தது. மேடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. சட்டை போனால் ஒட்டகமும் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான்.

ஒரு வழி இருந்தது. எண்களை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டுப் பார்த்தாள். தாள் மின்விசிறிக் காற்றில் பறந்தது.

"பூஜ்யமே போட்டுடவா அண்ணே? கொண்டு போயாவது குடுத்துடலாம்."

"நல்லா இருக்கே! சட்டையால ஒண்ணும் பிரயோஜனமில்லன்னு நாமளே எழுதிக் குடுக்கவா?" என்றார் ஒட்டகம். "உள்ளத எழுதுங்க மேடம். தூக்குறது எங்க பொழப்பு."

"பதினாறு தாள், மாடி வேற..."

"தாள்னு வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும். மூட்டைன்னு சொல்லுங்க."

அடித்த எண்களை மறுபடி எழுதினாள். பதினாறு பேரும் சட்டை மாட்டி, ஆளுக்கொரு தாளைத் தோளில் ஏற்றிப் படியேறினார்கள். மேலாளர் முதல் பக்கத்தைப் புரட்டப் பார்த்தார், எழுந்து நின்று பார்த்தார், பிறகு கடைசியாக வைத்த தாளில் கையெழுத்துப் போட்டார்.

சட்டைகள் தங்கிவிட்டன. பக்கம் திருப்புவதற்கென்று மாடியில் ஒரு வேலை உண்டாக்கப்பட்டு, அது ஒட்டகத்துக்குக் கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை தணிக்கைக்காரர் வருகிறார். "அடுத்த பக்கம்" என்கிறார். ஒட்டகம் முழங்காலை மடக்கிக் குனிந்து, ஸ்பிரிங் கிறீச்சிட, பக்கத்தைத் திருப்பி வைக்கிறார். தணிக்கைக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேற்கொண்டு வாசிக்கிறார்.