மச்சானுக்கு வைத்த நாலடி

அந்த வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு பட்டறை எழும்பப் போகிறது என்பது, அது எழும்புவதற்கு மூன்று வருடம் முன்பே தெருவுக்குத் தெரியும். வீட்டுக்காரரான மில்லிமீட்டர் எதையும் ரகசியமாகச் செய்கிற ஆள் இல்லை. மெதுவாகச் செய்கிற ஆள். முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் போல்ட்டுகளை அளந்து பார்த்து, தேறாததைச் சிவப்புத் தொட்டியில் வீசியே ஓய்வு பெற்றவர். வீட்டோடு வந்த பிறகு மனைவி வாங்கி வருகிற தக்காளியையும் தெருவில் போகிற மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்த்தார். தெரு அவருக்குப் பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

பட்டறையில் இரண்டு பேர் வேலை செய்வதாக ஏற்பாடு. ஒருவர் இவர். இன்னொருவர் இவருடைய மனைவியின் தம்பி, தச்சர், இடது கைக்காரர். அவருடைய வாடகைக் கடையை இடித்துவிட்டார்கள். ஒரு வருடமாக உளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூப்பிட்டவர்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து கதவு இழைத்துக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியுமாகப் பிறந்த வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த அப்பாவின் பழைய கார் ஒன்று, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கொல்லையில் கிடந்தது. இன்ஜின் அத்தான் பொறுப்பு, உள்ளே இருக்கிற மரவேலை மச்சான் பொறுப்பு. கார் ஓடினால் முதல் சவாரி அக்காவுக்கு. பேசும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் பத்து வயது குறைந்துவிடும்.

வரைபடம் பதினேழு தடவை மாறியது. கடைசியில் அகலம் பதினாறடி, அதில் ஒரு ஓரமாக நாலடி மச்சானின் மேசைக்கு என்று முடிவாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மூலைக்கும் இரும்பு முளை அடித்து, நீல நூல் கட்டினார்கள். தச்சர் சமையலறை ஸ்டூலைத் தூக்கி வந்து நூலுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார். அவர் வேலை செய்கிற விதம் அது. டேப்பை நம்ப மாட்டார், உடம்பை வைத்துப் பார்ப்பார்.

"அத்தான், இதான் கார். நான் இறங்கறேன் பாருங்க." இல்லாத கதவை இடது கையால் தள்ளினார். "டம். உங்க அலமாரியில இடிச்சிடுச்சு."

"கார் அகலம் அஞ்சடி ஆறு அங்குலம். எல்லாம் கணக்குப் பண்ணியாச்சு."

"மூடின காரைத்தானே அளந்தீங்க? திறந்த காரை அளந்து பாருங்க. இந்தப் பக்கம் என் நாலடி இருக்கறதால தப்பிச்சீங்க. கார் வரும்போது நான் மேசையை மடக்கிச் சுவத்துல சாத்திடறேன், இந்தப் பக்கமா இறங்கிக்கலாம். அது இல்லேன்னா, காருக்குள்ளயே குடித்தனம்தான்!"

மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வாத்தியார் கெக்கெக்கே என்று சிரித்தார். மில்லிமீட்டரின் மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அளவில் தப்பு என்று மில்லிமீட்டரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அதுவும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு.

"உன் கடை போனதும் இப்படி ஒக்காந்து ஒக்காந்து அளந்துதானோ?" என்றார். சொன்னதும் நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "உனக்கு இடம் குடுக்கறதே உன் அக்கா மூஞ்சிக்காகத்தான். அதை ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பேசு."

வாத்தியாரின் தலை மதிலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. தச்சர் எழுந்து ஸ்டூலைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தார். "வர்றேன்க்கா" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்று மில்லிமீட்டர் நினைத்தார். வரவில்லை. போன் பண்ணலாம். போனைக் கையில் எடுப்பார், கண்ணாடி போடாமல் நம்பர் தெரியவில்லை என்று கீழே வைப்பார். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருக்கும். பத்தாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டு, "அகலம் பன்னெண்டடி போதும்" என்றார்.

"பதினாறுன்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"ஒரு ஆளுக்கு எதுக்குப் பதினாறு?"

அவள் பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் தம்பிக்குச் செய்தி போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அதைத்தான் அவரும் எதிர்பார்த்தார். சுவர் எழும்புவதற்குள் மச்சான் ஓடி வந்து, 'என்ன அத்தான் இது, சின்னப் பிள்ளை மாதிரி' என்று கத்துவார். இவர் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, பெரிய மனது பண்ணி நூலை இழுத்துப் பழைய முளையில் கட்டுவார். அவர் மனதுக்குள் போட்டு வைத்திருந்த பதினெட்டாவது வரைபடம் இதுதான். அதனால்தான் மச்சானின் பக்கத்துப் பழைய முளைகள் இரண்டையும் பிடுங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கொத்தனாருக்கு இந்த வரைபடத்தை யாரும் காட்டவில்லை. அவர் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போனார். அஸ்திவாரம், சுவர், ஜன்னல், கூரை. ஒவ்வொரு கட்டத்திலும் மில்லிமீட்டர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். மச்சான் வரவில்லை.

எட்டு மாதத்தில் பட்டறை தயார். நியாயமாகச் சொன்னால் அழகான கட்டடம்தான். இடது பக்கம் ஆடாமல் இருக்கத் தரையோடு சேர்த்துப் பூசின சிமெண்ட் மேடை, வலது பக்கம் சுவரில் போல்ட் போட்டு முடுக்கின இரும்பு அலமாரி, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் நிழல் மாதிரி வரைந்த இடம். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வாசலில் நாலு அங்குலத்துக்கு ஒரு திண்டு.

காரை உள்ளே ஏற்றுகிற நாளில் தெருவே வந்தது. கூப்பிட்டது பாதி, கூப்பிடாதது பாதி. மில்லிமீட்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார, வாத்தியார் தலைமையில் நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். திண்டில் ஏறி, தடக் என்று இறங்கி, முன்பக்கம் எதிர்ச்சுவரை முத்தமிடாத குறையாக நின்றது கார். எல்லாரும் கை தட்டினார்கள். மில்லிமீட்டர் கதவைத் திறந்தார்.

டம்.

ஒரு சாண்கூட விரியவில்லை. அந்தப் பக்கக் கதவைத் தள்ளினார். அது மேடையில் இடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் பல வருடமாகவே இறங்காது. இழுத்து வெளியே எடுக்கலாம் என்று வாத்தியார் பின் பம்பரைப் பிடித்தார். துருப்பிடித்த பம்பர் சமர்த்தாகக் கையோடு வந்துவிட்டது. திண்டைத் தாண்ட முன்னாலிருந்து தள்ள வேண்டும். முன்னால் ஒரு பூனை நிற்கவும் இடமில்லை.

"சார், குடித்தனம் ஆரம்பிச்சாச்சா?" என்று வாத்தியார் கேட்டார். தெரு சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மில்லிமீட்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே தானே பூசச் சொன்ன சுவர். டம் என்ற அந்தச் சத்தத்தை எங்கே கேட்டோம் என்று அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மனைவி யாரையும் கேட்காமல் போன் பண்ணினாள். இருபது நிமிடத்தில் தச்சர் வந்துவிட்டார். எட்டு மாதமாக வராத ஆள், அதே உளிப் பையோடு. ஒரு கேலி பண்ணுவார் என்று தெரு காத்திருந்தது. காருக்குள் இருந்தவரும் அதற்காகத்தான் காத்திருந்தார், ஒரு வார்த்தை கேலி பண்ணினால் போதும் என்று. தச்சர் சிரிக்கக்கூட இல்லை. பின்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை இடது கையால் தடவிப் பார்த்தார்.

"காலை வெச்சு உள்ளேர்ந்து மெதுவா தள்ளுங்க. அவசரம் வேணாம். அப்பா இருக்கும்போது ஒரு தடவை கழட்டியிருக்கேன்."

கண்ணாடி உடையாமல் வந்தது. முப்பத்திரண்டு வருடம் தரச் சோதனை செய்தவர், பின்சீட்டில் தவழ்ந்து, டிக்கி மேல் வழுக்கி, மச்சான் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கை தட்டல் இந்தத் தடவை பெரிதாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும், "உள்ள வா மச்சான். ஒக்காரு, காபி போடச் சொல்றேன்" என்றார்.

தச்சர் வாசலில் நின்றபடியே பட்டறையை ஒரு சுற்று பார்த்தார். மேடை, கார், அலமாரி. "எங்க ஒக்கார்றது அத்தான்?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே இடம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போனார். புல்லுக்குள் இரண்டு இரும்பு முளை நின்றது, ஒன்றில் வெளுத்துப்போன நீல நூல் துண்டு. சுவரிலிருந்து முளை வரைக்கும் ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதமாக வைத்து நடந்து பார்த்தார். திரும்பி நின்று சுவரைப் பார்த்தார். அவருக்கென்று ஒதுக்கிய இடத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். சுவர் மட்டும் நடுவில் இருந்தது.

"நல்லாக் கட்டியிருக்காரு கொத்தனாரு" என்றார்.

"இதை இடிச்சுடலாம் மச்சான். நாளைக்கே கொத்தனாரை வரச்சொல்றேன்."

"கூரை மொத்தமும் இது மேலதான் நிக்குது. இதைத் தொட்டா எல்லாம் வந்துரும்." தச்சர் பையைத் தோளில் மாட்டினார். "அதுவுமில்லாம நான் கம்பெனியில சேர்ந்துட்டேன் அத்தான். நாற்காலியைப் பெட்டியில அடுக்குற வேலை. ஒக்கார இடம் இருக்கு, பரவால்ல."

"ஞாயித்துக்கிழமை லீவுதானே?"

"லீவுதான்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும், "கண்ணாடியை வெயில்ல வைக்காதக்கா, ரப்பர் இறுகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பின் அச்சில் கயிறு கட்டி இழுத்து, காரைப் பழைய இடத்திலேயே தார்ப்பாய்க்குள் போட்டார்கள். பட்டறையில் இப்போது மில்லிமீட்டர் தனியாக மிக்சி பழுது பார்க்கிறார். தெருவில் யாராவது பட்டறை என்ன அகலம் என்று கேட்டால், அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "பதினாறு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் வெளியே வந்து அந்தப் பக்கத்துப் புல்லை வெட்டுகிறார். முளைகளைச் சுற்றியிருக்கிற புல்லை மட்டும் உட்கார்ந்து கையாலேயே பிடுங்குகிறார். ஒரு தடவை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, டேப்பை எடுத்துச் சுவரிலிருந்து முளை வரை பிடித்துப் பார்த்தார். மதிலுக்கு மேல் வாத்தியாரின் தலை இருந்தது. அன்று அவரும் சிரிக்கவில்லை.

சரியாக நாலடி. ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை.