லைக் விழாத பதிவு

ஆசிரியர்களின் இணையக் குழு மூடிக் கிடந்து இரண்டு வருடம். பத்து வருடமாக அதில் அவர்கள் போட்ட சண்டை, கேட்ட சந்தேகம், சொன்ன உபாயம் அத்தனையையும் வாங்கி ஒரு பதிப்பகம் வகுப்பறைக் கையேடாக்கிக்கொண்டிருந்தது. பத்து லைக்குக்கு மேல் விழுந்த பதிவு புத்தகத்துக்கு, மற்றது குப்பைக்கு. விதியைப் போட்டவர் தொகுப்பாசிரியர். படிக்கிற பாடு அவருக்கு மிச்சம்.

படித்தது பதிப்பகத்தில் பக்கம் அமைக்கிற பெண்தான். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு பெயரைச் சரிபார்க்கக் குழுவின் பழைய கோப்பைத் திறந்தாள். அறிவியல் டீச்சர் ஒருவர் எழுதிய பதிவு, அறுபத்திரண்டு லைக். தட்டில் ஸ்பிரிட் ஊற்றி விதவிதமான உப்பைப் போட்டுக் கொளுத்தினால் தீ பச்சையும் சிவப்புமாக எரியும், அணைந்தால் பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றலாம் என்றிருந்தது.

அதற்குக் கீழே, மூன்று வாரம் கழித்து, அதே டீச்சர்: 'யாரும் இதைச் செய்யாதீர்கள். அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றினேன். அணையவில்லை. தீ பாட்டிலில் ஏறி முன்பெஞ்சின் மேல் பாய்ந்தது. ஒரு பெண்ணுக்குக் கழுத்தும் கையும் வெந்துவிட்டன. தவறு என்னுடையது.'

ஒரு லைக்குகூட இல்லை. கும்பல் அதற்குள் வேறு சண்டைக்குப் போய்விட்டது.

அவள் நேரே தொகுப்பாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், நாப்பத்தேழாம் பக்கத்த எடுத்துடணும்."

"அதுவா? அறுபத்திரண்டு லைக்கும்மா. புத்தகத்துலயே அதுதான் ராஜா."

"ராஜா ஒரு பொண்ணு கழுத்த எரிச்சிருக்கார். படிங்க."

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, கீழ ஒரு வரி சேத்துடு. ஆசிரியர் மேற்பார்வையில் செய்யவும்னு."

"ஆசிரியர் அங்கதான் சார் இருந்தாங்க. ஊத்துனதே அவங்கதான்!"

"கத்தாத. நாளைக்கு அச்சுக்குப் போகுது. லைக் போட்ட அறுபத்திரண்டு பேரும் முட்டாளா?"

"செஞ்சு பாத்தா போட்டாங்க? உக்காந்த இடத்துல கட்டைவிரலத் தூக்குனாங்க. செஞ்சு பாத்தவங்க ஒரே ஒருத்தங்க. அவங்க சொன்னதத்தான் நீங்க குப்பையில போடுறீங்க."

"நீ என்ன சயின்ஸ் படிச்சவளா? பக்கம் அமைக்கிற வேலைக்கு வந்தியா, பக்கத்த அமை."

காது மடல் கொதிக்க இருக்கைக்கு வந்தாள். கோப்பில் டீச்சரின் எண் இருந்தது. அழைத்தாள், விஷயத்தைச் சொன்னாள்.

"அதையா புத்தகமா போடுறாங்க? நான்தான் வேணாம்னு எழுதினேனே. எல்லாரும் படிச்சிருப்பாங்கன்னுல்ல இத்தன வருஷமா நெனச்சுட்டிருக்கேன்."

"அந்த ரெண்டாவது பதிவ நான் போடுறேன் டீச்சர். உங்க பேரு வேணாம்னா எடுத்துடுறேன்."

"பேரோடயே போடும்மா. பேரில்லாம போட்டா எவனோ உளறுறான்னு தாண்டிப் போயிடுவாங்க."

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதே தலைப்பு, அதே பக்க எண். உள்ளே செய்முறை இல்லை; டீச்சரின் இரண்டாவது பதிவு மட்டும், ஓர் எழுத்துகூடக் குறையாமல்.

மாலையில் தொகுப்பாசிரியர் கையெழுத்துப் போட வந்தார். தலைப்பு, எண், ஓரம் என்று விரலை ஓட்டிக்கொண்டே தாள்களைத் தள்ளினார்.

"நாப்பத்தேழு இருக்கா?"

"இருக்கு சார்."

"நான் சொன்ன எச்சரிக்கை?"

"போட்டிருக்கேன். கொஞ்சம் பெரிசாவே."

"இத மொதல்லயே செஞ்சிருந்தா இவ்வளவு கூச்சல் எதுக்கு?" என்று கையெழுத்துப் போட்டார்.

நாளைக்குக் குதிப்பார் என்று தெரியும். அந்தக் கையெழுத்தை ஒரு நகல் எடுத்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினாள்.