பழுதில்லாத குளத்துக்கு ஒரு பலகை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல. கர்ப்பிணிகள் நீந்தலாமா, எவ்வளவு நீந்தலாம் என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மகப்பேறு டாக்டர் ஒருவரிடம் பேசியாயிற்று. நாலு பெண்களிடமும் பேசலாமே என்று நீச்சல் குளத்துக்குப் போனால், பெண்கள் நேரத்தில் வாசலில் ஒரு பலகை: "பழுது. நீச்சல் இல்லை." கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பளிச்சென்று கிடந்தது. மோட்டார் ஓடும் சத்தம் வேறு. உள்ளே நின்ற ஆளிடம், "என்ன பழுதுங்க?" என்றேன். அவர் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. கட்டுரை போயே போச்சு.

2

தொடக்கம் ஒன்று: "நீலம் என்பது தண்ணீரின் நிறமல்ல, அது வானத்தின்…" (சே, வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நானே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவேன்.)

தொடக்கம் இரண்டு: குளத்தைப் பராமரிக்கிறவரை எல்லாரும் கிளோரின் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவிக்கு ஆறு மாதம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நீந்துகிறவள், வயிறு தெரிய ஆரம்பித்த பிறகும் விடவில்லை. தண்ணீரில் இறங்கினால் இடுப்பு வலி இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது என்பாள். மாதப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் அதையே சொன்னாள்.

"தாராளமா நீந்தலாம்மா. பேச முடியாம மூச்சு வாங்குற அளவுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். மேலேருந்து குதிக்காதீங்க. ஈரத் தரையில கைப்பிடிய விடாதீங்க. தலை சுத்துனாலோ, வயிறு இறுக்கிப் பிடிச்சாலோ, ரத்தம் பட்டாலோ உடனே ஏறி வந்து எங்களுக்கு போன் போடணும். அப்புறம் முக்கியமா, ஒழுங்கா பராமரிக்கிற குளமா இருக்கணும்."

"அந்தக் கவலையே இல்ல டாக்டர்," என்று அவள் சிரித்தாள். "என் வீட்டுக்காரர்தான் பாத்துக்கறாரு."

டாக்டர் மரியாதையோடு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். கிளோரின் அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் வாசலில் பலகை தொங்கியது. பெண்கள் நேரத்தில் மட்டும்.

3

ஏன் மாட்டினார்? இங்கேதான் நான் இரண்டு தாளைக் கிழித்தேன்.

முதல் தாளில், மனைவி நீச்சல் உடையில் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினேன். (சுலபமான வில்லன். எனக்கே அலுப்புத் தட்டியது.) இரண்டாவதில், அவள் வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்தார். படிக்கிற நீங்கள் "அய்யோ பாவம், எவ்வளவு பாசம்!" என்பீர்கள். அப்படி அவரைத் தப்பிக்க விட மனம் வரவில்லை.

மூன்றாவது தாள் இதுதான். குளத்துத் தண்ணீரைத் தினமும் ஒரு சின்னக் குப்பியில் பிடித்து, அதில் சொட்டு மருந்து விட்டு, மாறுகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் எவ்வளவு கிளோரின் என்று முடிவு செய்ய வேண்டும். அவர் அதையெல்லாம் விட்டு ரொம்ப நாள் ஆகிறது. "எனக்கு மூக்கே போதும்" என்று வேலைக்குச் சேர்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். மோந்து பார்த்து, குத்துமதிப்பாகக் கொட்டுவார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார், டாக்டர் அப்படி மரியாதையாகப் பார்க்கிற வரைக்கும்.

தன் பிள்ளை அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது என்றதும் மூக்கின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஊரார் பிள்ளைகள் இத்தனை நாள் குதித்து, குடித்து, கொப்பளித்த தண்ணீர்தானே அது? அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டவர் குப்பியை எடுத்திருக்கலாம். பலகையை எடுத்தார்.

4

வாசலில் ஒரு பெண் கத்தினாள். "வாரம் ஒண்ணு ஆச்சு! ஆம்பளைங்க நேரத்துக்கு மட்டும் சரியாயிடுதா இந்தப் பழுது? உள்ள இருக்கிற ஆளு தூங்குறானா?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா," என்று ஒரு குரல். அவர் மனைவிதான். கையில் சாப்பாட்டுப் பை. "ராத்திரி பகல் பாக்காம அதோட மல்லுக்கட்டிட்டு இருக்காரு. பொம்பளைங்க நேரத்துலதான் கழட்டி மாட்ட முடியுதாம். முகத்தப் பாத்தா உங்களுக்கே பாவமா இருக்கும்."

கிளோரின் அண்ணன் மோட்டார் அறைக்குள் நின்று இதைக் கேட்டார். காதைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. (இந்த இடத்தில் அவரை அழவிட்டேன். பிறகு அடித்துவிட்டேன். அழுதால் பாரம் இறங்கிவிடும்.)

அவள் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நீச்சல் இல்லையே என்று சாலையில் நடந்து நடந்து கால் வீங்கியிருந்தது. டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"என்னங்க, மோட்டார் ஓடுதே?"

"அது… அது வேற மோட்டார்."

(அங்கே ஒரே மோட்டார்தான்.)

"சாப்பிடுங்க. இளைச்சுப் போயிட்டீங்க," என்றாள். அவர் சாப்பிட்டார்.

5

மறுநாள் புதுச் சொட்டு மருந்து வாங்கினார். குப்பியில் பிடித்தார், நிறம் பார்த்தார், அட்டையோடு ஒத்துப்போகவில்லை, வெட்கத்தில் காது சிவந்தது. முந்தின நாட்களில் என்ன நிறம் வந்திருக்குமோ, அதைச் சொல்ல இனி யாராலும் முடியாது. தண்ணீரைச் சரிசெய்தார், மறுபடி பார்த்தார், மறுபடியும். நிறம் அட்டையோடு ஒத்துப்போன பிறகுதான் பலகையைக் கழற்றினார்.

முதலில் வந்தது அவர் மனைவி. மற்ற பெண்கள் இன்னும் வரவில்லை. அவள் குப்பியைப் பார்த்தாள்.

"இது என்ன புதுசா?"

"தண்ணி நல்லா இருக்கான்னு பாக்கறது. இப்ப நல்லா இருக்கு. நீ இறங்கலாம்."

அவள் கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் இறங்கினாள். கணுக்கால் நனைந்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

"இப்ப நல்லா இருக்குன்னா? நான் தினமும் இறங்கினேனே, அப்ப?"

முடிவு ஒன்று: "அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார். அவள் சந்தோஷமாக நீந்துகிறாள். அவர் ஆயுள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முடிவு இரண்டு: "தெரியாது" என்கிறார். அவள் கை வயிற்றுக்குப் போகிறது. வாசலில் அவருக்காகச் சண்டை போட்டதும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வருகிறது…

முடிவு மூன்றில் அவர் பதில் சொல்வதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். (கோழைத்தனம். என்னுடையது.)

கட்டுரைக்காக நான் பேசிய டாக்டருக்கு போன் போட்டே கேட்டுவிட்டேன். "பெரும்பாலும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, சந்தேகமா இருந்தா வந்து காட்டச் சொல்லுங்க," என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். இதைக் கிளோரின் அண்ணனே அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மனைவியின் சிரிப்பு நின்றிருக்கும், அதனால்தான் கேட்கவில்லை.

"என்னங்க, உங்களத்தான் கேக்கறேன்."

இதற்கு மேல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எந்த முடிவானாலும் சரி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து எழுதுங்கள். என்னால் முடியவில்லை.